ஒரு மேப்பிள் கிளையும் எங்கள் தோட்டத்துப் போரரும்

தம்பி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஷ்ரூஸ்பரியில் நீங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டின் பின்புறம் காற்றில் முறிந்த மேப்பிள் கிளையைத் துண்டு போட்டு, பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள நண்பர் வீட்டுக்கு விறகாகக் காரில் கொண்டுபோகலாமா, மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டுக்காக இத்தனை கெடுபிடியா என்று கேட்டிருந்தீர்கள். கொண்டுபோகக் கூடாது. நான் இப்போது விடுமுறைக்கு ஏற்காடு வந்து நாகலூரில் எங்கள் காபித் தோட்டத்தில் இருக்கிறேன். அந்த வண்டின் பங்காளி ஒன்று இங்கேயே இருப்பதால், அதை வைத்தே சொல்கிறேன்.

இன்று காலை மூன்று அரபிகா வகைக் காபிச் செடிகளை வேரோடு பிடுங்கினோம். இலைகள் பழுத்துத் தொங்கின. தண்டில் வளையம் வளையமாகப் புடைப்பு இருந்தது. அரிவாளால் பிளந்தபோது, மரத்தூள் இறுக அடைத்த சுரங்கத்தின் நடுவில் வெள்ளைப் புழு நெளிந்தது. ஆனால் பட்டையின் மேல் ஒரு துளைகூட இல்லை. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று காபி வாரியத்தாரும், வெறும் போரர் என்று நாங்களும் சொல்வது இதைத்தான். முன்பு ஒருமுறை, இப்படிப் பிடுங்கிய செடியை அன்றே எரிக்காமல், சிக்கனம் கருதி அடுப்பங்கரைக்குப் பின்னால் விறகாக அடுக்கிவைத்தார் என் பாட்டி. அந்த அடுக்கிலிருந்தே வண்டுகள் கிளம்பித் தோட்டத்துக்குத் திரும்பின.

உங்கள் ஊர்க்காரன் ஆசிய நெடுங்கொம்பு வண்டு, அதே குடும்பம். பளபளக்கும் கறுப்பில் வெண்புள்ளிகள் கொண்டது. சீனாவிலிருந்து சரக்கோடு வந்த மரப்பெட்டிகளில் ஒளிந்து வந்து, அமெரிக்காவில் முதலில் 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளினிலும், 2008 ஆகஸ்டில் ஷ்ரூஸ்பரியை அடுத்த நம் வூஸ்டர் நகரிலும் பிடிபட்டது. அங்கே 30,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டினார்கள். நிழல் கவிந்திருந்த வூஸ்டரின் கிரீன்டேல் பகுதித் தெருக்கள் மொட்டையாக நின்றதை நானே பார்த்தேன். புழுவாக ஓராண்டோ இரண்டாண்டோ மரத்துக்குள்ளேயே கிடக்கும் இந்த வண்டு, வெளியே வந்த பிறகும் பெரும்பாலும் பிறந்த மரத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் சோம்பேறி. அதைத் தொலைதூரம் கொண்டுசேர்ப்பது நம் கார்தான்.

அதனால்தான் வூஸ்டர், ஷ்ரூஸ்பரி முதலான ஊர்களைச் சேர்த்து ஏறத்தாழ 285 சதுர கிலோமீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதியாக வரையறுக்கப்பட்டது. மேப்பிள், பிர்ச், வில்லோ, எல்ம் போன்றவற்றில் அரை அங்குலமும் அதற்கு மேலும் பருமனுள்ள எதுவும், பச்சையோ காய்ந்ததோ, உரிய அனுமதியின்றி எல்லை தாண்டக் கூடாது. விறகு என்றால் சட்டம் இன்னும் கடுமை: ஓக் உட்பட அகன்ற இலை மரம் எதுவானாலும் தடைதான், ஏனெனில் துண்டு போட்ட பின் எது எந்த மரம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2008 டிசம்பர் உறைபனி மழைப் புயலில் விழுந்த கிளைகளை நானும் காரில் ஏற்றத்தான் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்துத் தடுத்தார்.

கிளையை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு உரிமையாளரிடம் சொல்லுங்கள். பட்டையில் பென்சில் நுழையுமளவு வட்டத் துளையோ, கிளைக் கவட்டில் மரத்தூளோ தெரிந்தால் படம் எடுத்து வேளாண் துறைக்குத் தெரிவியுங்கள். ஆய்வாளர்கள் வந்தால் தயங்காமல் உள்ளே விடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நண்பர் வீட்டுத் தீக்கு விறகை அவர் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.