மன உறுதிக்கு கோச்சிங் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. காசிமேட்டில் வீடு. விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கரெக்‌ஷன் என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. அம்மா மீன் வியாபாரம். நான் படுக்கப் போகும் 2 மணிக்குத்தான் அவர் ஏலத்துக்குக் கிளம்புவார். ‘கிரியேட்டிவ் துறையினருக்கு மன உறுதி கோச்சிங்’ என்று ஒருவர் 12 வாரத்துக்கு 18,000 ரூபாய் கேட்கிறார். சேரலாமா? கிளையண்ட் மீட்டிங்குக்கு முன் போட்டுக்கொள்ளச் சொல்லி நண்பர் ப்ராப்ரனோலால் மாத்திரை கொடுத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு, நீல இன்ஹேலரை தினமும் அடிக்கிறேன். மனநல டாக்டரிடம் போனால் தெருவில் ஒரு மாதிரி பேசுவார்கள் என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

பதில்: முதலில் அந்த மாத்திரை. தயவுசெய்து போடாதீர்கள். மேடைப் பதற்றத்துக்கு அதை டாக்டர்கள் எழுதித் தருவது உண்மைதான். பாட்டுக் கச்சேரி செய்பவர்கள், நடிகர்கள் மத்தியில் அது பிரபலம். ஆனால் இதயத் துடிப்பைக் குறைக்கும் அதே மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். வீசிங் உள்ளவருக்கு அதனால் மூச்சுத்திணறல் வந்தால், நீல இன்ஹேலரும் வழக்கம்போல் வேலை செய்யாது. நண்பர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார், அவருக்கு வீசிங் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது அந்த நீல இன்ஹேலர். அதில் இருப்பது பெரும்பாலும் சால்ப்யூட்டமால். அடித்த கொஞ்ச நேரத்தில் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள். உங்கள் படபடப்பில் ஒரு பங்கு வாய்ஸ் நோட்டால் வந்ததா, இன்ஹேலரால் வந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம், இன்ஹேலர் அடித்த நேரத்தையும் படபடப்பு வந்த நேரத்தையும் போனிலேயே குறித்து வையுங்கள். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அது தேவைப்பட்டாலே ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். தினமும் அடிக்கிறீர்கள் என்றால், மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கும் வேறு இன்ஹேலர் வேண்டும். அதோடு ஒரு ஈசிஜி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, தைராய்டு, சர்க்கரை பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ‘எல்லாம் மனசு’ என்ற முடிவுக்கு நான் வருவேன்.

தூக்கத்துக்கு வருவோம். நீங்கள் படுக்கும் நேரத்தில் வீட்டில் விளக்கு எரிகிறது, கூடையும் அன்னக்கூடையும் உருளுகின்றன. இதில் எந்த கோச் வந்தாலும் தூக்கம் வராது! இரவு வேலையை 10 மணிக்கு நிறுத்தி, அம்மா கிளம்பும் முன் மூன்றரை மணி நேரமாவது தூங்கி, அவர் போனதும் மறுபடி படுக்க முடியுமா என்று பாருங்கள். எழுந்திருக்கும் நேரம் மட்டும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். மதியம் 2 மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். தூக்கத்துக்காக பீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம். படுத்ததும் தூங்க வைக்கும், பாதி ராத்திரியில் எழுப்பியும் விடும்.

இப்போது கோச்சிங். அது மோசடி என்று சொல்ல மாட்டேன். நல்லவர் கையில், ‘என் வேலையில் குறை’ என்பதை ‘நானே குறை’ என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மாற்ற முடியும். உதாரணத்துக்கு, “நல்லாவே இல்ல ப்ரோ” என்று வாய்ஸ் நோட் வருகிறது. உடனே பதில் போடாமல், அவர் எந்த ஷாட்டைச் சொல்கிறார், என்ன மாற்றம் கேட்கிறார், எதைக் கேட்கவே இல்லை என்று மூன்று வரி எழுதுங்கள். பாதி நேரம் அந்த ‘நல்லாவே இல்ல’ என்பது இரண்டு நொடி மியூசிக் பிரச்சினையாக இருக்கும். அதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டால், மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு இறங்கும். நான் சொன்ன இதே முறைகளைத்தான் அந்த 12 வாரத்திலும் ஏதோ ஒரு பெயரில் சொல்லித் தருவார்கள்.

ஆனால் நம் நாட்டில் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. கோச்சிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்களால் சரிசெய்ய முடியாத ஆள் வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?” பதிலில் தடுமாறினாலோ, மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்டாலோ, டாக்டர் எழுதித் தந்த மருந்துகளை நிறுத்தச் சொன்னாலோ வந்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளையண்ட் பேமெண்ட்டை மூன்று மாதம் இழுத்தடிப்பதும், ஒரே பணத்துக்கு பதினைந்து கரெக்‌ஷன் கேட்பதும் உங்கள் மன உறுதிக் குறைவு கிடையாது. ‘பர்ன்அவுட்’ எனும் வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனமே 2019-இல் நோய் என்று சொல்லாமல், சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. இத்தனை கரெக்‌ஷன்தான், இத்தனை முன்பணம் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசை இல்லாமல், எடிட்டிங்கே கசந்து, பசி குறைந்து கிடந்தால் கோச்சிங்கைத் தள்ளிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே 14416-க்கு போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை; கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.

தெருவில் பேசுவார்கள் என்கிறீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகாத வீடு உங்கள் தெருவில் உண்டா? அங்கேயே நெஞ்சு நோய்ப் பிரிவும் இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. எதற்குப் போனீர்கள் என்று யாரும் சீட்டை வாங்கிப் பார்க்கப் போவதில்லை. காலை ஓபிக்குப் போங்கள். இன்ஹேலர், நண்பர் கொடுத்த மாத்திரை அட்டை, போனில் குறித்த நேரங்கள் மூன்றும் கையில் இருக்கட்டும்.