குடையை யார் மடக்க வேண்டும்?

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, ஒரு மாயாஜாலத் தொடரின் முதல் அங்கத்தைத் தமிழில் 11 நிமிடக் கதையாக எழுதியிருக்கிறேன். நிலா என்னும் சிறுமிக்கு மட்டும் நிழல் ஆந்தை வடிவில் விழுகிறது. அம்மாவின் சொற்படி அவள் எப்போதும் குடையும் கையுமாகவே திரிகிறாள். விளக்குத் திருவிழா இரவில் உண்மை வெளிப்பட, ஊர் அவளை விரட்டுகிறது. அந்த நேரத்தில் இருளரக்கன் ஊருக்குள் நுழைகிறான். ஆந்தை நிழல் எழுந்து அவனை வீழ்த்த, ஊரே கைதட்டுகிறது. கடைசியில் நிலா கண்ணாடி முன் நின்று, "இதுதான் நான்" என்கிறாள். குடை, வெளிப்பாடு, விரட்டல், காப்பாற்றல், கண்ணாடி ஆகிய ஐந்து இடங்களிலும் "ஏற்கெனவே பார்த்த காட்சி" என்று எழுதி, விரிவுரையாளர் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் தமிழ் பேசும்போதும் நண்பர்களிடம் ஆங்கிலம் பேசும்போதும் என் குரலே மாறிவிடுவதைக் கவனித்த பிறகுதான் இந்தக் கதை எனக்குத் தோன்றியது. வழக்கமான உத்திகளை எல்லாம் நீக்கிவிட வேண்டுமா? தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளும் கதைக்கு இனி இடமே இல்லையா?
— நிலாவின் தோழி, ஈசூன்

பதில்: அன்புள்ள நிலாவின் தோழிக்கு,

உங்கள் கதைச்சுருக்கத்தை மூன்று முறை படித்தேன். விரிவுரையாளர் குறியிட்ட ஐந்து இடங்களில் மூன்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம், கண்ணாடியை இடம் மாற்றலாம், காப்பாற்றலை மட்டும் அடியோடு மாற்றி எழுத வேண்டும் என்பது என் கருத்து.

வழக்கமான உத்தி என்றாலே குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். 11 நிமிடம் என்பது 660 விநாடி. விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் 15,840 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி வரைந்தால்கூட 7,920 படங்கள் தேவைப்படும். இவ்வளவு உழைப்பில் கிடைக்கும் இவ்வளவு சிறிய நேரத்துக்குள், முன்பின் தெரியாத ஓர் ஊரையும் அதன் வழக்கங்களையும் ஒரு சிறுமியின் அச்சத்தையும் பார்ப்பவருக்குப் புரியவைக்க வேண்டுமானால், அவருக்கு ஏற்கெனவே பழகிய வழி ஒன்றில் கொஞ்ச தூரமாவது அவரை அழைத்துச் செல்லத்தான் வேண்டும். வெயிலோ மழையோ இல்லாத நேரத்தில் ஒரு சிறுமி குடை பிடித்து நடப்பதைக் காட்டினால், அவள் எதையோ மறைக்கிறாள் என்பது மூன்று விநாடிக்குள் எவருக்கும் புரிந்துவிடும். அந்தக் குடையை எடுத்துவிட்டு வசனத்தால் விளக்க முயன்றால் அரை நிமிடம் போய்விடும். நிழலை ஆந்தையாக்கியதும் நல்ல தேர்வு. ஆந்தை அலறினால் ஆகாது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு, ஊர் ஏன் அஞ்சுகிறது என்பதைத் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை.

சிக்கல் உச்சக்கட்டத்தில் இருக்கிறது. நிலாவின் நிழல் ஊரைக் காப்பாற்றுகிறது, அதனால் ஊர் அவளை ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் இருளரக்கன் வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊர் அவளை விரட்டியது சரிதான் என்று கதையே ஒப்புக்கொண்டுவிடுகிறது அல்லவா? வேறுபட்டுப் பிறந்த பிள்ளை தன் வேறுபாட்டால் மற்றவருக்குப் பயன் உண்டு என்று நிரூபித்த பிறகே வீட்டுக்குத் திரும்பலாம் என்ற நிபந்தனை, அடையாளம் பற்றிய அனிமேஷன் அங்கங்கள் பலவற்றில் யாரும் கவனிக்காமலே நுழைந்துவிடுகிறது. திரையின் முன் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையிடம் ஊரைக் காக்கும் சக்தி எதுவும் கிடையாது. திக்குவாயோ, தோலில் ஒரு வெண்திட்டோ, வகுப்பில் எவரும் சரியாக உச்சரிக்காத ஒரு பெயரோதான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு உங்கள் உச்சக்கட்டம் என்ன சொல்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இதில் மிகுந்த கவலை உண்டு.

இந்த நிபந்தனை பழையது. ஆண்டர்சன் 1843இல் வெளியிட்ட அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையை, தன்னை ஏற்றுக்கொள்ளும் கதைக்கு மாதிரியாகப் பலரும் சொல்வார்கள். அந்தக் குஞ்சு கடைசியில் அன்னமாக மாறிவிடுகிறது. பண்ணையில் அதைக் கொத்தி விரட்டிய வாத்துகள் தங்கள் தவற்றை உணர்ந்ததாகக் கதையில் எங்கும் இல்லை. அது உண்மையிலேயே ஒரு சாதாரண, சாம்பல் நிற வாத்தாக மட்டும் இருந்திருந்தால் அதன் கதி என்னவென்று அந்தக் கதையால் சொல்ல முடியாது.

நம் ஊரிலேயே இதற்கு நேர்மாறான கதை ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் பள்ளியில் கேட்டிருப்பீர்கள். சிங்கப்பூரின் கரையில் வாள்மீன்கள் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றபோது, ஆட்களையே சுவர்போல் நிறுத்தினான் அரசன், அவர்களும் மாண்டார்கள். வாழைத்தண்டுகளால் அரண் எழுப்பினால் மீன்களின் மூக்கு அவற்றில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் சொன்னான். அப்படியே நடந்தது, ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆட்சிக்கு ஆபத்து என்று அஞ்சிய அரசன், அந்தச் சிறுவனையே கொல்லச் செய்தான். அவன் சிந்திய குருதியால் சிவந்த மலைதான் புக்கிட் மேரா என்பார்கள். மலாய் மரபு காத்துவைத்திருக்கும் இந்தக் கதையை, அதே மலையின் பெயர் கொண்ட ரெட்ஹில் ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன். ஊருக்குப் பயன்பட்டவனை ஊர் தானாகவே ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய்யாகலாம் என்பதை, பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு கதை நூற்றாண்டுகளாக மறைக்காமல் சொல்லிவருகிறது. உங்கள் அங்கம் இவ்வளவு கொடுமையாக முடிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைதட்டல் அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடக் கூடாது என்கிறேன்.

அப்படியானால் உச்சக்கட்டத்தில் வேறென்ன வைப்பது? மாயாஜாலத் தொடர்களில் அடிக்கடி வரும் இன்னொரு வழக்கமான உத்தியையே பரிந்துரைக்கிறேன். உருமாறும் பகைவன் நாயகியைப் போலவே வடிவெடுத்து நிற்பான், அன்புக்குரிய ஒருவர் உண்மையானவள் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த உத்தியைப் புகழேந்திப் புலவர் நளவெண்பாவில் கையாண்ட விதத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். தமயந்தியின் சுயம்வரத்தில் தேவர் நால்வர் நளனின் உருவத்திலேயே வந்து அமர்ந்திருக்கிறார்கள். ஐந்து நளர்கள், ஐந்தும் ஒரே முகம். அவள் எதைக்கொண்டு தன் நளனை அறிகிறாள் தெரியுமா? அவன் கண் இமைக்கிறது, பாதம் மண்ணில் படிகிறது, கழுத்து மாலை வாடியிருக்கிறது. தேவர்களுக்கு இல்லாத, மனிதனுக்கே உரிய குறைகள் மூன்று. அவனது அழகோ வீரமோ அந்த நேரத்தில் அவளுக்கு உதவவில்லை, ஏனென்றால் அவற்றைத் தேவர்கள் அப்படியே நகலெடுத்துவிட்டார்கள். நகலெடுக்க முடியாமற்போனது வாடிய பூ.

இதை உங்கள் கதைக்குக் கொண்டுவாருங்கள். இருளரக்கன் ஊரை உடைக்க வருவதற்குப் பதிலாக, நிலாவைப் போலவே நான்கு சிறுமிகளை உருவாக்கி அவளுடன் நிறுத்தட்டும். ஐந்து பேர் கையிலும் ஐந்து குடைகள். போலிகளின் நிழல்கள், ஊருக்குப் பிடித்தமான, குற்றமற்ற மனித நிழல்கள், குடைக்குள் ஒளிந்திருக்கின்றன. அம்மா தேர்ந்தெடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்து அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை ஆண்டுகள் எதை மறைக்கச் சொன்னாளோ அது ஒன்றுதான் தன் மகளைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது "குடையை மடக்கு" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அம்மா சொல்லாமலேயே, நிலா தானாகக் குடையை மடக்குகிறாள். விளக்குகளின் நடுவே ஆந்தை விரிகிறது. "அவள்தான் என் மகள்" என்று அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறாள், போலிகள் கலைந்துபோகிறார்கள்.

தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்பது திரையில் ஒரு செயலாகத் தெரிய வேண்டும். என்ன ஆகும் என்று தெரியாத நிலையில், இழப்பதற்கு ஏதோ இருக்கும்போது, பாத்திரம் தானே செய்யும் செயலாக அது இருக்க வேண்டும். குடையை மடக்குவதற்கு எட்டுப் படங்கள் போதும். ஊர் கைதட்ட வேண்டியதில்லை. ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு விலகிப் போகட்டும், ஒரு முதியவர் மட்டும் நகராமல் நிற்கட்டும், ஒரு குழந்தை குனிந்து ஆந்தையின் சிறகைத் தொட்டுப் பார்க்கட்டும். இது தொடரின் முதல் அங்கம் என்கிறீர்கள், மீதியை அடுத்த அங்கங்கள் பார்த்துக்கொள்ளும்.

அம்மாவைப் பற்றி இன்னொன்று. உங்கள் சுருக்கத்தில் அவள் கண்டிப்பானவளாக மட்டுமே வருகிறாள். மறைக்கச் சொல்லும் பெற்றோரைக் கல்நெஞ்சராகக் காட்டுவது உண்மையிலேயே தேய்ந்துபோன வழக்கு. அதே நளன் கதையில், காட்டுத்தீயிலிருந்து தன்னைக் காப்பாற்றிய நளனைக் கார்க்கோடகன் என்னும் பாம்பு கடித்து, அவன் உருவத்தையே மாற்றிவிடுகிறது. நாட்டை இழந்து அலைபவனை எவரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த உதவி அது. பழைய உருவத்தைத் திரும்பப் பெறுவதற்கான ஆடையையும் பாம்பே கொடுத்தனுப்புகிறது. நிலாவின் அம்மா கொடுத்த குடையும் அத்தகையதுதான் என்பதை ஒரு காட்சியிலாவது காட்டுங்கள். குடையின் கிழிசலை அவள் இரவில் உட்கார்ந்து தைப்பதைக் காட்டினால் போதும். அதன் பிறகு அவள் "என் மகள்" என்று சொல்வதற்குக் கனம் கூடும்.

கண்ணாடிக் காட்சியைக் கடைசியிலிருந்து எடுத்து நடுவில் வையுங்கள். தனியறையில் ஒருத்தி தன்னைத் தானே ஏற்றுக்கொள்வது ஒரு தொடக்கம் மட்டுமே, ஏனென்றால் அங்கே அவளைப் பார்ப்பவர் எவரும் இல்லை. 2013இல் வந்த 'ஃபுரோசன்' படத்தின் புகழ்பெற்ற பாட்டு, நாயகி மலையில் தனித்து நின்று பாடுவது, படத்தின் முதற்பாதியிலேயே வந்துவிடுகிறது. அந்த விடுதலை போதாது, அவள் மனிதர்களிடம் திரும்பி வந்தாக வேண்டும் என்பதில்தான் மிச்சக் கதை நடக்கிறது. பாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுபவர்கள் அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்துவிடுகிறார்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நான் மிகவும் மதிக்கும் வரிக்கு வருகிறேன். வீட்டுக் குரலும் வெளிக் குரலும் வேறுபடுவதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். அது கதையில் எங்கே போயிற்று? இப்போதைய வடிவில் நிலா வீட்டிலும் வெளியிலும் ஒரே மாதிரி வருத்தமாகவே இருக்கிறாள். உங்கள் அனுபவம் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன். வீட்டில் சிரிப்பும் சத்தமுமாக இருக்கும் பிள்ளைதான் வெளியே போனதும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஆகவே வீட்டுக்குள் ஒற்றை விளக்கின் முன் நிலா தன் தம்பிக்கு ஆந்தை நிழலைச் சுவரில் பறக்கவிட்டு விளையாட்டுக் காட்டட்டும். எதை மறைக்கிறாளோ அது வீட்டில் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது என்று தெரிந்தால்தான், மறைப்பதில் அவள் இழப்பது என்னவென்று பார்ப்பவருக்குப் புரியும். அனிமேஷனில் பெரும்பாலும் குரல்பதிவு முதலில் நடக்கும் என்பதால் இதற்கு இப்போதே திட்டமிடுங்கள். குரல் கொடுப்பவரிடம் வீட்டுக் காட்சிகளையும் தெருக் காட்சிகளையும் தனித்தனி நாளில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டுத் தமிழில் "வாடா, போடா" வரட்டும், தெருவில் எண்ணி எண்ணிப் பேசட்டும்.

வழக்கமான உத்தியைப் புதிதாக்குவது இப்படிப்பட்ட சின்ன உண்மைகள்தான். உங்களிடம் இன்னும் எடுக்காத ஒன்று இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் வாழ்கிறோம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சிக்கு வந்து, நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுகிறது. அதுவும் நம் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுவதால், பன்னிரண்டு மணிக்கு அல்லாமல் ஒரு மணியை ஒட்டித்தான் அது நிகழ்கிறது. நிலாவின் ஊரும் அப்படிப்பட்ட ஊராக இருக்கட்டும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தீபாவளி ஒளியூட்டைப் பார்க்க நடக்கும்போது ஒரே ஆளுக்கு நான்கைந்து நிழல்கள் வெவ்வேறு பக்கம் விழுவதையும் கவனித்திருப்பீர்கள். திருவிழா இரவில் ஒற்றைக் குடையால் ஏன் மறைக்க முடியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

முதலில் அந்த ஒரு மணிக் காட்சியை மட்டும் ஸ்டோரிபோர்டாக, அதாவது வரிசைப் படங்களாக, வரைந்து விரிவுரையாளரிடம் காட்டுங்கள். நண்பகல் தாண்டிய வெயில், வெறிச்சோடிய தெரு, எல்லாரும் வீட்டுக்குள். நிழல் முழுதாக மறைந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் நிலா குடையைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறாள். திரும்பி வரும்போது காலடியில் ஒரு சிறகின் நுனி எட்டிப் பார்க்கிறது. அவள் நின்று, குனிந்து, அதைப் பார்க்கிறாள். இந்தக் காட்சியில் வசனம் எதுவும் எழுதாதீர்கள்.