கருவிழியில் ஓட்டை விழுந்தால் பசை வைத்து ஒட்டுவார்களாமே, நிஜமா?

நிஜம்தான், கேட்கப் பகீரென்று இருந்தாலும். கார்னியா என்கிற கருவிழிப் படலம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். கதிரடிக்கும்போது நெல் உமி பட்டுப் புண்ணாகி, பூஞ்சை பிடித்து அரித்துக்கொண்டே போனால் ஒருநாள் பொத்துக்கொண்டு உள்ளே இருக்கும் நீர் கசிய ஆரம்பிக்கும். ஓட்டை 2, 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சயனோஅக்ரிலேட் பசையால் அடைக்கலாம். கடையில் விற்கும் சூப்பர் குளூவுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி, அதற்காக அந்த டியூபைக் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது திசுவைக் கெடுத்துவிடும்.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, செத்த திசுவைச் சுரண்டி, ஓட்டையைச் சுற்றிப் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் காயவைப்பதுதான் பாதி வேலை. ஏனென்றால் ஈரம் பட்டால் பசை சட்டென்று இறுகிவிடும். அப்புறம் ஒரு சின்னத் துளி, அவ்வளவுதான், கூடிப்போனால் மேடுதட்டிவிடும். இறுகிய பசை சொரசொரப்பாக இருக்கும், இமை உரசினால் உயிர் போகும் என்பதால் மேலே ஒரு மெல்லிய கான்டாக்ட் லென்ஸ். கசிவு நின்றதா என்று மஞ்சள் சாயம் விட்டுப் பார்ப்பார்கள்.

அடியில் தழும்பு வளர்ந்ததும், சில வாரத்திலோ மாதத்திலோ, பசை தானே உதிர்ந்துவிடும். ஆனால் அந்தத் தழும்பு நடுவில் இருந்தால் பார்வை மங்கலாகவே இருக்கும். ஓட்டை பெரிதென்றால் பசை பத்தாது, தானமாக வந்த கருவிழியைத்தான் வைத்துத் தைக்க வேண்டும்.