அயர்லாந்து கருக்கலைப்புத் தடையை நீக்க வாக்களித்தது ஏன்?

கத்தோலிக்க நாடான அயர்லாந்தில் 1983-ல் சுமார் 67 சதவீதம் பேர் ஆதரித்து அரசியலமைப்பில் சேர்த்த தடை அது. 2018-ல் 66.4 சதவீதம் பேர் அதை நீக்க வாக்களித்தார்கள். மக்களின் மனதை மாற்றியது எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதப்பிடிப்பு தளர்ந்தது ஒரு காரணம். ஆனால் பெரும்பாலும் மனதைத் தொட்டவை உண்மையான பெண்களின் கதைகள் என்றே நினைக்கிறேன். கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனாவர், 2012-ல் கால்வே மருத்துவமனையில் 17 வாரக் கர்ப்பிணி. கரு பிழைக்காது என்று தெரிந்தும், இதயத்துடிப்பு இருக்கிறதென்று கலைக்க மறுத்தார்கள். நோய்த்தொற்று முற்றி இறந்துபோனார். வயது 31. டப்ளின் சுவரில் வரைந்த அவர் முகத்தைச் சுற்றி வாக்காளர்கள் குறிப்புச்சீட்டுகளை ஒட்டினார்கள். பல சீட்டுகளில் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்.

சரி, தடை வேண்டும் என்றவர்கள்? கருவும் ஓர் உயிர் என்று மனதார நம்பியவர்கள் அவர்களில் ஏராளம். டொனகல் தொகுதியில் மட்டும் அவர்களே பெரும்பான்மை.