இட்லி மாவுக் கடைக்காரர் மகள் நுண்ணுயிரியல் படிக்கலாமா?

ஐயா, வணக்கம்.

மகளுக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை, பி.எஸ்சி. நுண்ணுயிரியல் கேட்கிறாள், கிருமியைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். இருபது ஆண்டுகளாக இட்லி மாவு விற்பவர் இப்படிக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மார்கழியில் மாவு பொங்கவில்லை என்று திட்டுபவரும், சித்திரையில் மதியத்துக்குள் புளித்துவிட்டது என்று திட்டுபவரும் உங்களிடம் வருகிறார்கள் அல்லவா? அது உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வரும் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும் செய்கிற வேலை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் அமிலத்தையும் விடுகின்றன. வாயுவால் மாவு பொங்குகிறது, அமிலத்தால் புளிக்கிறது. குளிர்பெட்டி அவற்றைக் கொல்வதில்லை, சோம்பேறியாக்குகிறது, அவ்வளவுதான். எந்த உயிரி, எந்த வெப்பத்தில், எவ்வளவு நேரத்தில், என்ன செய்யும்? உங்கள் மகள் மூன்று ஆண்டு படிக்கப்போவது பெரும்பாலும் இதைத்தான்.

பாக்டீரியாவைத் தவிர இன்னும் சில கூட்டங்கள் உண்டு. ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட்டும், ஊறுகாயில் படரும் பூசணமும் பூஞ்சை இனம். 1928-இல் பிளெமிங் கண்ட பெனிசிலின் ஒரு பூசணத்திலிருந்து வந்தது. மலேரியாவைத் தருவது ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. வைரஸ் முழுச் செல்கூட இல்லை. வேறோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். சாண எரிவாயுக் கலனில் மீத்தேன் வாயுவை உண்டாக்கும் ஆர்க்கியா என்ற தனிக் கூட்டத்தை 1977 வரை பாக்டீரியாவோடு சேர்த்தே எண்ணியிருந்தார்கள். பாசிகளும் இந்தப் பாடத்தில் வரும். ஆனால் கடையில் சுருள்பாசி என்று விற்கும் ஸ்பைருலினா உண்மையில் பாக்டீரியா. பெயரை நம்பக் கூடாது.

இனி வேலை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு ஏற்கப்படும் பட்டங்களில் நுண்ணுயிரியலும் ஒன்று. உங்கள் கடைக்கு மாதிரி எடுக்க வருகிறாரே, அவர்தான். மருந்துத் தொழிற்சாலையில் ஊசிமருந்து கிருமியற்றதா என்று, அதன் மாதிரியைக் கிருமி வளரும் ஊட்டக் கரைசலில் 14 நாட்கள் வைத்துப் பார்த்த பிறகே வெளியே விடுவார்கள். அதற்கு ஆள் வேண்டும். குடிநீர்ச் சோதனை, பால் பண்ணை, உயிர் உரம் என்று இடங்கள் உண்டு. ஆராய்ச்சி என்றால் 1899 முதல் இயங்கும் கிண்டி கிங் நிலையமும், 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிலையமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் தொடக்கச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். எம்.எஸ்சி. வரை, ஐந்து ஆண்டுக்குத் திட்டமிடுங்கள். ஆராய்ச்சியில் ஆசை இருந்தால், ஆராய்ச்சிப் படிப்பில் சேரவும் உதவித்தொகை பெறவும் எழுதுகிற கேட் தேர்வும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வும் காத்திருக்கின்றன. இது மருத்துவராகப் பின்வாசல் என்று மகள் நினைத்தால் இப்போதே திருத்துங்கள்: எம்.டி. நுண்ணுயிரியலுக்கு எம்.பி.பி.எஸ். வேண்டும். ரத்த மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வக நுட்பப் படிப்பும் வேறு. அதில் சேர விரும்பினால் அதற்கே விண்ணப்பிக்க வேண்டும்.

கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவ் ஓடுகிறதா, ஒவ்வொரு மாணவரும் கிருமி வளர்க்கும் அகார் தட்டைத் தன் கையால் ஊற்றுகிறாரா, ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்ப்பதோடு சரியா என்று இறுதியாண்டு மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

அதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை. மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் ஒரே அளவு மாவைப் பாதி வரை ஊற்றி, தளர்வாக மூடி, ஒன்றை வெளியிலும் ஒன்றைக் குளிர்பெட்டியிலும் ஒன்றை அடுப்படி வெதுவெதுப்பிலும் மகளை வைக்கச் சொல்லுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை மட்டத்தைப் பேனாவால் குறித்து, மணத்தையும் நோட்டில் எழுதட்டும். இந்தத் துறையில் பாதி வேலை இப்படிக் காத்திருந்து எழுதுவதுதான். முதல் நாளே சலித்துவிட்டால் வேறு படிப்பு பார்ப்போம். மூன்றாவது நாளும் எழுதிக்கொண்டிருந்தால், நோட்டோடு அவளை என்னிடம் அழைத்து வாருங்கள். கல்லூரிப் பட்டியலைச் சேர்ந்து போடலாம்.