மணிக்கட்டு வலிக்கு எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை, அல்ட்ராசவுண்டில் தெரியுமா?

வலி எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. எக்ஸ்ரே முக்கியமாக எலும்பைத்தான் காட்டும்; தசைநாண், நரம்பு, நீர்க்கட்டி எல்லாம் அல்ட்ராசவுண்டில் நன்றாகத் தெரியும்.

கட்டைவிரல் பக்கம் வலித்தால், அதுவும் கைக்குழந்தையைத் தூக்கும் தாய் என்றால், முதலில் டி குவெர்வெய்ன் (கட்டைவிரல் தசைநாண்களின் உறை தடித்து வலிப்பது) பிரச்சினையா என்று பார்ப்பார்கள். அங்கே இரண்டு தசைநாண்கள் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்திருப்பதும், சுற்றி நீர் கோத்திருப்பதும் திரையில் தெரியும். சிலருக்கு உறையின் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். அது தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் மருந்து ஒரு பக்கத்திலேயே நின்றுவிடலாம். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போட்டால் இதைத் தவிர்க்க முடியும்.

விரல்கள் மரத்துப்போகிறதா? அப்படியென்றால் மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பை அளப்பார்கள். மணிக்கட்டு நுழைவில் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் கார்பல் டனல் (மணிக்கட்டில் இந்த நரம்பு அழுத்தப்படும் பிரச்சினை) சந்தேகம் வலுக்கும். அளவு மட்டும் போதாது, அறிகுறியும் ஒத்துப்போக வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் கையை அசைக்கச் சொல்லியே பார்க்கலாம், அது பெரிய வசதி. ஆனால் பார்ப்பவரின் அனுபவம் ரொம்ப முக்கியம். மூட்டு ஸ்கேன் பழக்கமுள்ளவரிடமே போங்கள்.

கீழே விழுந்து கையூன்றிய பிறகு கட்டைவிரலின் அடிக்குழியில் வலி என்றால் கதை வேறு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமுள்ள ஸ்கேபாய்டு என்ற சிறு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதற்கு அல்ட்ராசவுண்டை நம்பாமல், எம்ஆர்ஐ அல்லது சிடி தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.