பக்கத்து மேசைக்கு 60, எங்களுக்கு 80?

தாய்லாந்தில் விலை, பில், பேரம் பற்றி வந்த நான்கு கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம்.

கேள்வி: மதுரையிலிருந்து குடும்பத்தோடு கிராபி போயிருந்தோம். கடற்கரைக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. கோழி போட்ட துளசிச் சோறு 60 பாட் என்று சுவரில் எழுதியிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த தாய்லாந்துக்காரர் அதே சோற்றைச் சாப்பிட்டுவிட்டு 60 கொடுத்துப் போனார். எங்களிடம் தட்டுக்கு 80 வாங்கினார்கள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி மீன்தான். 55 என்று போட்டிருந்ததே என்று ஒரு கொடுவா சொன்னோம். பில்லில் 660! வெளிநாட்டுக்காரன் என்றால் இப்படித்தானா? புகார் கொடுக்க முடியுமா?

பதில்: மீனை முதலில் முடித்துவிடுவோம். தாய்லாந்துச் சந்தையில் நூறு கிராமுக்குத் தனிப் பெயரே உண்டு, ‘கீத்’ என்பார்கள். பத்து கீத் சேர்ந்தால் ஒரு கிலோ. மீன், இறால், நண்டு எல்லாவற்றுக்கும் பல கடைகளில் ஒரு கீத்தின் விலையைத்தான் எழுதி வைத்திருப்பார்கள். நீங்கள் பார்த்த 55 அதுதான். உங்கள் மீன் ஒரு கிலோ இருநூறு கிராம் இருந்திருக்கும். பன்னிரண்டு கீத், பன்னிரண்டு ஐம்பத்தைந்து 660. கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. பக்கத்து மேசைக்காரர் அந்த மீனைச் சொல்லியிருந்தாலும் அதே 660தான் கொடுத்திருப்பார்.

கடைக்காரர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கீத் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் வந்து உட்காரும் ஊர் அது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த முறை மீனைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, கால்குலேட்டரில் தட்டிக் காட்டிய பிறகு அடுப்பில் ஏற்றச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

சோற்று விஷயத்தில் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தட்டில் பொரித்த முட்டை இருந்ததா? ஆர்டர் எடுக்கும்போது கடைக்காரம்மா ‘கை தாவ்?’ என்று ஏதோ கேட்டிருப்பார், நீங்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டியிருப்பீர்கள். நானும் முதல் வருஷம் முழுக்க இப்படித் தலையாட்டியே முட்டை சாப்பிட்டவன்தான். கை தாவ் என்றால் பொரித்த முட்டை. பெரும்பாலும் 10 பாட் கூடும். அப்புறம் ‘தம்மதா’, ‘பிசேத்’ என்று இரண்டு அளவு உண்டு. தம்மதா சாதாரணத் தட்டு. பிசேத் நம் ‘விசேஷம்’தான், வடமொழியிலிருந்து அங்கே போன சொல். கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள், அதற்கும் ஒரு பத்து. விலைப் பலகையில் 60/70 என்று கோடு போட்டு எழுதியிருந்தால் அது இந்த இரண்டு அளவுக்குமான விலை. இதைப் பார்த்து ‘உள்ளூருக்கு 60, வெளியூருக்கு 70’ என்று நினைத்துக் கொதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறுபதோடு முட்டைக்குப் பத்தும் பிசேத்துக்குப் பத்தும் சேர்த்தால் உங்கள் 80 வந்துவிடும். முட்டையும் இல்லை, அளவும் அதே அளவுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், உங்களிடம் 20 பாட் அதிகம் வாங்கியிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 2020இல் கொரோனா நேரத்தில் தாய்லாந்து அரசு ‘கோன் லா க்ருங்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆளுக்குப் பாதி என்று அர்த்தம். பதிவு செய்த குடிமக்கள் சின்னக் கடைகளில் பாதிப் பணம் கொடுத்தால் போதும், மீதியை நாளுக்கு 150 பாட் வரை அரசு கொடுத்தது. எல்லாம் ‘பாவ் தாங்’ என்ற கைபேசிச் செயலி வழியாக நடந்தது. பின்னால் அதே மாதிரித் திட்டங்கள் மீண்டும் வந்தன. அப்படி ஒரு திட்டம் நடக்கும் நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் யாராவது அறுபது ரூபாய்ச் சாப்பாட்டுக்கு முப்பது கட்டிவிட்டுப் போவதைப் பார்த்தால் நமக்கு வயிறு எரியும், ஆனால் கடைக்காரர் கைக்கு முழு அறுபதும் போய்ச் சேர்ந்துவிடும். (பாட்டை ரூபாய் என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம்.)

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இரட்டை விலையே கிடையாது என்று சாதிக்க மாட்டேன். இருக்கிறது. இங்கிலீஷ் மெனுவில் ஒரு விலையும் தாய்லாந்து மொழி மெனுவில் வேறு விலையும் போட்ட கடைகள் இருக்கின்றன. முகத்தைப் பார்த்து விலை சொல்லும் பழக்கடைகளும் இருக்கின்றன. என் கணக்கு எளிது. அதிக விலை என்று தெரிந்தும் பிடித்துப்போய் வாங்கினால் அது வியாபாரம். தெரியாதபடி மறைத்து வாங்கினால்தான் எனக்குப் பிரச்சினை.

சட்டமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1999இல் வந்த பொருள், சேவை விலைச் சட்டத்தின்படி விலையை வாடிக்கையாளர் பார்வையில் படும்படி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 10,000 பாட் வரை அபராதம். வணிக அமைச்சகத்தின் உள்நாட்டு வணிகத் துறைக்கு 1569 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மொழி தடுமாறினால் சுற்றுலாப் போலீஸ் 1155, அங்கே இங்கிலீஷ் எடுபடும். ‘உள்ளூர்க்காரருக்கு மலிவு’ என்று மட்டும் சொல்லிப் போனால் வழக்கு நிற்காது. ‘எழுதியிருந்த விலைக்கு மேல் வாங்கினார்கள்’ என்று பலகையையும் பில்லையும் படம் எடுத்து வைத்திருந்தால் நிற்கும். இருபது பாட்டுக்கு விடுமுறையில் பாதி நாளைச் செலவழிப்பதா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் பில்லைக் காட்டி ஒரு தடவை கேட்டுவிட்டு, சரி என்று கிளம்பிவிடுவேன்.

கேள்வி: நான் பாங்காக்கில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறேன், வரி கட்டுகிறேன். காவ் யாய் தேசியப் பூங்காவில் என் சக ஊழியருக்கு 40 பாட், எனக்கு 400. இது நியாயமா?

பதில்: எனக்கும் உறுத்துகிறதுதான். பூங்கா, அரண்மனை போன்ற இடங்களில் இரண்டு விலை வைப்பது அரசே வெளிப்படையாகச் செய்வது. பாங்காக்கின் பெரிய அரண்மனையில் வெளிநாட்டவருக்கு 500, தாய்லாந்து மக்களுக்கு இலவசம். அவர்கள் வரிப்பணத்தில் நடப்பது என்பது அரசுத் தரப்பு வாதம். நீங்களும் வரி கட்டுகிறீர்கள் என்பதால் உங்கள் விஷயத்தில் அந்த வாதம் நொண்டுகிறது. வேலை அனுமதியையோ தாய்லாந்து ஓட்டுநர் உரிமத்தையோ காட்டினால் சில வாசல்களில் உள்ளூர் விலைக்கு விடுவார்கள், சில இடங்களில் விட மாட்டார்கள். கையில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு கேளுங்கள். அதட்டினால் காரியம் கெட்டுவிடும்.

சில பலகைகளில் உள்ளூர் விலையைத் தாய்லாந்து எண்களில் எழுதி வைத்திருப்பார்கள், நம் கண்ணுக்கு அது ஏதோ கோலம் மாதிரித் தெரியும். பத்து வடிவங்களையும் ஒரு மாலையில் கற்றுவிடலாம். நாலும் ஐந்தும் மட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, குழப்பும்.

ரொம்ப வருத்தமாக இருந்தால் மாமல்லபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் கோயிலுக்கு நமக்கு 40 ரூபாய், வெள்ளைக்காரருக்கு 600. அங்கே வரும் தாய்லாந்துக்காரருக்கோ, பிம்ஸ்டெக் என்ற வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பில் இருக்கும் நாட்டவர் என்பதால், நம் கட்டணமேதான்! அவர்களுக்கு நாம் கொடுக்கும் சலுகையை அவர்கள் நமக்குக் கொடுக்கவில்லை. இதை ஒரு நாள் யாராவது டெல்லியில் எழுப்பலாம்.

கேள்வி: என் கணவர் சியாங் மாய்க்காரர். இரண்டு பேரும் சேர்ந்து சின்னதாக ஒரு தோசைக் கடை வைத்திருக்கிறோம். உள்ளூர்க்காரர் 70 பாட் கொடுக்கவே யோசிக்கிறார். வெளிநாட்டுப் பயணிகள் 120 சொன்னாலும் முகம் சுளிப்பதில்லை. இரண்டு மெனு அடிக்கலாமா? மாமியார், ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்கிறார்.

பதில்: அடிக்காதீர்கள் அம்மா. உங்கள் கஷ்டம் புரிகிறது. வாடகை, மாவு அரைக்கும் மின்சாரம், தேங்காய் எல்லாம் ஏறிக்கொண்டே போகிறது, உள்ளூர்க்காரர் பக்கத்துக் கடையின் நூடுல்ஸ் விலையோடு உங்கள் தோசையை ஒப்பிடுகிறார். ஆனால் இன்றைக்கு யார் கையிலும் கைபேசி இருக்கிறது. தாய்லாந்து மொழி மெனுவைக் கேமராவில் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துச் சொல்லிவிடும். இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகி இணையத்தில் ஏறினால், அந்த ஐம்பது பாட் வித்தியாசத்தில் சம்பாதித்ததைவிட அதிகம் போய்விடும்.

ஆளைப் பார்த்து விலையை மாற்றாமல், தட்டில் வைப்பதை மாற்றுங்கள். சாதா தோசை, சாம்பார், ஒரு சட்னி 70. யார் கேட்டாலும் 70தான். மசாலா தோசையோடு மூன்று சட்னி, வடை, ஃபில்டர் காபி சேர்த்து ஒரு தட்டு 150. பயணிகள் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள், எல்லாவற்றையும் ருசி பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள். வேலைநாள் மதியம் பதினொன்று முதல் ஒன்றரை வரை குறைந்த விலையில் ஒரு சாப்பாடு போட்டால், பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் தானாக வருவார்கள். பத்து முறை சாப்பிட்டால் ஒன்று இலவசம் என்று முத்திரை குத்தும் அட்டை கொடுங்கள். அட்டையை நிரப்பப்போவது யார்? ஊரில் இருப்பவர்தான். ஆனால் ஆறு மாசம் தங்கி வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கும் அது கிடைக்கும், அவர் மனசும் நோகாது. மாமியாரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். மசிவார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: சந்தையில் சொன்ன விலையில் பாதிக்குக் கேட்கச் சொல்கிறார்களே, சரியா?

பதில்: துணி, பொம்மை, நினைவுப் பொருள் விற்கும் இடங்களில் பேரம் உண்டு, ஆனால் பாதிக்கு இறக்குவது இப்போதெல்லாம் அபூர்வம். விலைச் சீட்டு ஒட்டியிருந்தாலோ சாப்பாட்டுக் கடையாக இருந்தாலோ பேரமே பேசாதீர்கள். ‘லோத் தாய் மை?’ என்றால் குறைக்க முடியுமா என்று அர்த்தம், கூடவே இரண்டு மூன்றாக வாங்கினால் விலை இறங்கும். காலையில் கடை திறந்ததும் போய்ப் பாருங்கள். முதல் வியாபாரம் கைநழுவக் கூடாது என்று அவர்களும் நினைப்பார்கள். ‘ப்ரதோம்’ என்பார்கள், நம்மூர் போணிதான். வாங்கிய நோட்டால் மற்றப் பொருள்களைத் தட்டிக்கொண்டே போவார்கள். முதல் ஆளாகப் போய்ப் பத்து நிமிஷம் பேரம் பேசிவிட்டு வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.